உண்மை நகல்

அவரைக் கீழ்க்கட்டளையில் ஒரு மாடி வீட்டில் சந்தித்தேன். எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட முதல் பதிப்புகளையும் பழைய நாடக நோட்டீசுகளையும் சேர்க்கிறவர். ஓய்வுபெற்ற கெஜட்டட் அதிகாரி. ஒடிசலான உடம்பு, வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டை, அதன் பையில் பச்சை மைப் பேனா.

தாம்பரம் பழைய பேப்பர் கடையில் எனக்கு ஒரு நாடக நோட்டீஸ் கிடைத்திருந்தது. அதில் கதாநாயக நடிகரின் கையெழுத்து இருந்தது. பெருமையடித்துக்கொள்ளத்தான் கொண்டுபோனேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஒரிஜினல்தான் சார், சந்தேகமே இல்ல," என்றார். நான் பூரித்து முடிப்பதற்குள் பேனாவைத் திறந்து, நடிகரின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'உண்மை நகல்' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார்.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "என்ன சார், ஒரிஜினல்னு சொல்லிட்டு நகல்னு எழுதிட்டீங்களே?"

"ஒரிஜினலை யாராவது அட்டெஸ்ட் பண்ணுவாங்களா சார்? காப்பியைத்தான் பண்ண முடியும். அதான் ரூல்," என்றார், மையை ஊதி உலர்த்தியபடி.

அலமாரியிலிருந்த அவருடைய முதல் பதிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாம் உண்மை நகல்.

நோட்டீசைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். நடிகரின் கையெழுத்து அசல்தானா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பச்சைக் கையெழுத்து மட்டும் அசல். என் கண்ணெதிரே போட்டது.