கடல் கல்லுக்குச் சுண்ணாம்புத் தெளிவு

பள்ளிக்கூடத்தில் நான் வேதியியல் டீச்சர். நான் லேபுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். வீட்டில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த புதிதில், தொண்ணூறுகளின் தொடக்கம் அது, என் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் ஒரு மருந்து பாட்டிலில் தண்ணீரை அடைத்து என் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுவார். "டீச்சர், ஒங்க லேப்ல இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லிருங்க" என்பார். கட்டின பெண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிடுகிற மனுஷரை என்ன செய்வது? புளிச்சாதத்தோடு கடல் தண்ணீரையும் சுமந்துகொண்டு போவேன்.

ஆமாம், கடல் தண்ணீர்தான். எங்கள் நூல் கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இருந்த அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, அது நிறையக் கடல் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு தெருவில் நிற்கிற ஊர் இது. தூத்துக்குடிக்கு நூல் லோடு கொண்டுபோகிற லாரி டிரைவர் திரும்பி வரும்போது கேன் கேனாகக் கடல் தண்ணீரை இறக்கிவிட்டுப் போவார். "அண்ணாச்சி, ஒங்க ஊரு போர்லயே உப்புத் தண்ணிதான வருது, இதுக்கு எதுக்கு தூத்துக்குடி வரைக்கும்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு, அவரே ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொள்வார். தெருவில் எங்கள் கடைக்குப் பெயரே 'கடல்காரர் கடை' என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பில் சேர்ந்து ஒரு வருஷம் படித்தவர் அவர். மாமனார் திடீரென்று போய்ச் சேர்ந்ததும் என் மாமியார் ஆள் அனுப்பி மகனைக் கூட்டிவந்து கடையில் உட்கார வைத்துவிட்டார். அவரும் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். கடையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். விட்டுப்போன படிப்பில் அவருக்கு மிச்சமிருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான் என்பது, கல்யாணமான ஒரு மாதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

முதலில் அதில் நான்கைந்து மீன்கள்தான் இருந்தன. அப்புறம்தான் கல் வந்தது. அப்போதெல்லாம் கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலில் போட்டு எரிப்பார்கள். இன்றைக்குச் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான், அதுவும் சரிதான். அப்படிக் கரையில் குவித்திருந்த குவியலில், அப்போதுதான் தண்ணீரிலிருந்து வந்த ஒரு கல் இன்னும் ஈரமாக இருந்ததைப் பார்த்த நம் டிரைவர், அண்ணாச்சிக்கு ஆகும் என்று கேனுக்குள் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். ஒரு முழுப் பூசணிக்காய் அளவு இருக்கும். இரண்டு நாள் அழுக்குக் கல்லாகக் கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அதன் மேலெல்லாம் பச்சையும் பழுப்புமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் விரிந்து, தண்ணீரில் அசைய ஆரம்பித்தன. பூ இல்லை, எல்லாம் உயிர், கையை நீட்டி இரை தேடுகிற உயிர் என்று இவர் சொன்னார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பழைய சோறுதான்.

அந்தக் கல்லுக்குத் தீனி என்ன என்பதில்தான் என் படிப்பு உள்ளே நுழைந்தது. அந்தப் பூச்சிகள் தண்ணீரில் இருக்கிற கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்துத்தான் தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்கின்றன. கடலில் அது குறையாது. தொட்டியில் குறைந்துகொண்டே வரும். குறைந்ததை நாம்தான் கொடுக்க வேண்டும், அதுவும் ஒரே சீராக. கொஞ்சம் கூடுதலோ கொஞ்சம் குறைச்சலோ இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளும், நிலை மட்டும் ஆடக்கூடாது. இன்றைக்கு விருந்து நாளைக்குப் பட்டினி என்றால் கல் கோபித்துக்கொண்டு பூவை மூடிக்கொள்ளும். "டீச்சர் மாதிரித்தான்" என்று இவர் சொன்னார். நான் பேசவில்லை. சாயங்காலம் வரைக்கும் பேசவில்லை.

கால்சியத்துக்கு எங்கே போவது? வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். கல்சுண்ணாம்பை வாங்கி நல்ல தண்ணீரில் நீற்றி, ஆறவைத்து, மேலே நிற்கிற தெளிவை மட்டும் இறுத்து எடுப்போம். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று வாங்கி, ஆணியில் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் வற்றிய அளவுக்குத் தெளிவைச் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். அது காலையில். காரத்தன்மைக்கு ஆப்பசோடா, கரைத்து ஊற்றுவது சாயங்காலத்தில். லேபில் நான் பியூரெட்டில் அமிலத்தை விட்டு, மஞ்சள் நிறம் மாறுகிற இடத்தைப் பார்த்து, இந்த வாரம் எவ்வளவு என்று வந்து சொல்வேன். "கல்லுக்கு டிரிப்ஸ் ஏத்துற வீடு ஒலகத்துல இது ஒண்ணுதான்" என்பார் மாமியார். காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணீர் கல்லுக்குப் போகிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சுண்ணாம்பும் சோடாவும் ஒரே நேரத்தில் சேரக் கூடாது. இதை நான் இவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஆனாலும் கடைக்காரர் புத்தி கடைக்காரர் புத்திதான். ரெண்டு பார்ட்டிக்குப் போகவேண்டிய சரக்கை ஒரே லாரியில் ஏற்றி அனுப்பினால்தான் அவருக்குத் தூக்கமே வரும்.

மாசி சிவராத்திரி வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். எல்லோரும் அவரவர் குலதெய்வத்துக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குத் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுக் கோயில், அங்கே மூன்று நாள் தங்கல். மூன்று நாளைக்குக் கல்லுக்கு யார் தீனி வைப்பது? கிளம்புகிற காலையில், நான் தலை பின்னிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் மூன்று நாள் தெளிவையும் மூன்று நாள் சோடாவையும் ஒரே மூச்சில் தொட்டியில் கொட்டிவிட்டார். ஒரே லோடு!

"டீச்சர்!" என்று கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால் தொட்டி முழுக்கப் பால். கொடுத்த தீனி அத்தனையும் வெள்ளைத் தூளாகத் திரிந்து, மீன்களின் மேலும் கல்லின் மேலும் மாவு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கொடுத்தது மட்டுமல்ல, தண்ணீரில் ஏற்கெனவே இருந்ததையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் செய்யாது என்றேன். ஏசி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஏன் ஏசினோம் என்று ஆகிவிட்டது. "செத்துப்போச்சுன்னா தொட்டியக் காலி பண்ணிருவேன். இனி கடல் பேச்சே வேண்டாம்" என்றார்.

பாதித் தண்ணீரையாவது மாற்றினால்தான் பிழைக்கும். டிரைவரோ தன் குலதெய்வத்துக்குப் போய்விட்டார். ஊரில் ஒரு லாரியும் ஓடவில்லை. வாசலில் எங்களுக்காகப் பிடித்த வேன் நின்றது. உள்ளே சின்ன மாமனார் குடும்பம், நாத்தனார் பிள்ளைகள், பொங்கல் பானைகள், விறகுக்கட்டு எல்லாம் ஏறியாகிவிட்டது. "நீங்க போங்க, நான் வரல" என்று இவர் சொல்லிவிட்டார். மூத்த மகன் இல்லாமல் எங்கள் கோயிலில் பானை அடுப்பேறாது. சின்ன மாமனார் வேனிலிருந்து இறங்கி வந்து, "ஒரு கல்லுக்காக சாமிய விட்ருவியோ?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

மாமியார் தொட்டியை ஒரு தடவை பார்த்தார். மகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேன் டிரைவரிடம் போய், "தம்பி, வண்டிய தூத்துக்குடிக்கு விடு. சாமிக்குப் பொங்கல் சாயங்காலந்தான?" என்றார். சின்ன மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கொழுந்தனாரு வண்டில ஏறலாம், இல்ல இங்கனயே நிக்கலாம்" என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கொழுந்தனார் ஏறினார்.

பந்தல்குடி தாண்டியதும் வேனில் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளமெல்லாம் தாண்டி, ஆளில்லாத ஒரு கரையில் போய் நின்றோம். அந்த வேனில் பாதிப் பேர் அதுவரை கடலையே பார்த்ததில்லை. சின்ன மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வரும்போதெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி பின்னால் ஓடினார். வீட்டிலிருந்த கேன்கள் போதவில்லை. இன்னும் வேண்டும் என்று நான்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமியார் பொங்கல் பானைகளின் மூடியைத் திறந்தார். "அத்தை, சாமிப் பானை" என்றேன். "கழுவிக்கிட்டாப் போச்சு. சாமி என்ன தெரியாமயா இருக்கப்போகுது" என்று அவரே மொண்டு கொடுத்தார்.

திரும்பும் வழியில் வீட்டில் இறங்கி, வண்டல் கலங்காமல் பழைய தண்ணீரை இறைத்துப் புதுசை ஊற்றினோம். இருட்டுவதற்குள் கோயில் போய்ச் சேர்ந்தோம். பொங்கல் லேசாகக் கரித்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் சாப்பிட்டார்கள். மூன்று நாளும் இவர் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊர் திரும்பியபோது தண்ணீர் தெளிந்திருந்தது. மீன்கள் பசியில் துள்ளின. கல் மட்டும் மூடியே கிடந்தது. நான் தினமும் அளந்தேன். கால்சியமும் காரமும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு ஏறின. அவசரப்பட்டு ஒரு கரண்டி கூடுதலாகக் கொடுக்க இவர் கை பரபரக்கும், நான் பாட்டிலைப் பூட்டி வைத்தேன். ஒரு வாரம் போனது. கல் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை இறைத்துவிடுகிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். எனக்கும் நம்பிக்கை போயிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். நடு அறையிலிருந்து மாமியாரின் சத்தம் கேட்டது. "ஏய்யா! ஓடியா! ஒன் கல்லு முழிச்சிருச்சு!" கடையில் நூல் வாங்க வந்த ஆளை நிற்க வைத்துவிட்டு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு இவர் ஓடி வந்தார். கல்லின் ஒரு ஓரத்தில், உள்ளங்கை அளவு இடத்தில், பச்சைப் பூக்கள் விரிந்து அசைந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று விரிந்தது. இவர் குத்தவைத்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

மாமியார் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "இதப் படிக்கவாய்யா போன நீ?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"எங்கிட்டச் சொல்லலயே. மீனு புடிக்கக் கத்துக் குடுக்குறாகன்னுல்ல நெனச்சேன்."

"சொல்லியிருந்தா விட்ருப்பியா?" என்று இவர் சிரித்தார்.

மாமியார் தொட்டியைப் பார்த்தபடியே, "விட்ருக்க மாட்டேன்" என்றார். "கடைய யாரு பாக்குறது? ஆனா கூட்டியாந்த அன்னைக்கே ஒனக்காக அழுதிருப்பேன்ய்யா."

இவர் நகர்ந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கடையில் காத்திருந்த ஆளுக்கு நூல் கட்டை நான் போய் எடுத்துக் கொடுத்தேன்.