ஒழிவாக்கச் சொன்ன கட்டுகள்

தமிழ் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தின் பழைய ஆவண அறையைக் காலி செய்ய வேண்டும். சுமக்க வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஆவணக்காப்பகத்தாரைக் கேட்காமல் ஒரு தாளைக்கூட அழிக்கக் கூடாது, அவர்கள் கேட்பதை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எங்கள் பட்டியலைப் பார்த்து மூன்று கட்டுகளைக் கேட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் விழிஞ்ஞம் மீனவக் குடும்பங்கள் கொடுத்த மனுக்கள். அவற்றில் மஞ்சள் சீட்டு ஒட்டினேன். மற்றதெல்லாம் அரைத்துக் கூழாக்க வேண்டியது.

"சீட்டு ஒட்டினதை எல்லாம் ஒழிவாக்கிடுங்கோ, கேட்டேளா?" என்று அவர்களுடைய மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் மற்றக் கட்டுகள் பாதி அப்படியே இருக்கின்றன. மஞ்சள் சீட்டு ஒன்றைக்கூடக் காணோம்.

"மொத லோடுலயே ஏத்தியாச்சுல்லாம்மா. நீங்கதான ஒழிக்கச் சொன்னிய?" என்றார் மேஸ்திரி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒழிவாக்கு என்றால் இங்கே மலையாளத்தில் சேர்க்காமல் விடு என்று அர்த்தம். நாங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவோம், அது தமிழ் என்றே நினைத்துக்கொண்டு. அவரோ சுத்தத் தமிழ்க் காதோடு கேட்டிருக்கிறார்.

அவரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கழக்கூட்டத்துக்கு ஓடினேன். காகிதத்தை அரைக்கும் கிடங்கு அங்கேதான். நெடுஞ்சாலையில் ஐடி கம்பெனி பஸ்கள் அசையாமல் நின்றன. கிடங்குக்காரர் போனை எடுக்கவில்லை. டிரைவரைத் திட்டினேன், சிக்னலைத் திட்டினேன், மேஸ்திரியையும் திட்டினேன். அந்த மனிதர் தலையை வெளியே நீட்டி, முன்னால் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசி அரை கிலோமீட்டர் இறங்கி நடந்தோம், இல்லை, ஓடினோம்.

"ரெண்டெண்ணம் இவிடெ உண்டு மேடம். ஒண்ணு மெஷீனில் போயி," என்றார் கிடங்குக்காரர்.

மேஸ்திரி அரைத்த தூளுக்குள் கையை விட்டுத் துழாவினார். விரல் அகலத்துக்குக்கூட ஒரு துண்டு தேறவில்லை.

கூலியாட்களின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் போதும் என்றார் என் மேலதிகாரி. அவர் அப்படிச் சொன்ன நிமிடம் எனக்கு ஆறுதலாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மெமோ வந்தது.

மறுவாரம் இரண்டு கட்டுகளை ஆவணக்காப்பகத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்த அதிகாரி கோபப்படவில்லை. நினைவில் இருப்பதை எழுதச் சொல்லி ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"மூணாமத்ததில் எந்தா உண்டாயிருந்தது? ஓர்மை உள்ளது எழுதித் தரூ."

பட்டியல் போட்ட நாலு மாதமும் அந்த ஆவண அறையில் என் மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த கட்டு. சாப்பாட்டுப் பையை அதன்மேல்தான் வைப்பேன். ஒருநாளும் பிரித்ததில்லை. சீட்டு ஒட்டும்போது மேல்தாளில் கண்ணில் பட்ட ஒரே ஒரு வரிதான் எனக்குத் தெரியும். அதை எழுதிக் கொடுத்தேன்:

"கடலுக்குப் போன என் மகனைப் பற்றி இது ஏழாவது மனு."