உள்பக்கத் தாழ்ப்பாள்

என் அண்ணிக்கு வாய் நீளம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த வாய் இல்லாவிட்டால் அகதி முகாமில் எங்களை மனுஷராகவே மதித்திருக்க மாட்டார்கள். சண்டை வருவதற்குமுன் அவள் பஸ் கண்டக்டர். முகாமில் எல்லாருக்கும் ‘விசில் அக்கா’. நிவாரணக்காரர்கள் அவளுக்குக் கொடுத்த வேலை, பெண்கள் கழிப்பறைகளைப் பார்த்துக்கொள்வது. நான் பக்கத்துக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பேன்.

அடுத்த கூடாரத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டு வரிசையிலேயே சுருண்டு விழுந்தாள். “உடம்புல தண்ணியே இல்ல. இப்படியே போனா வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்து” என்றாள் நர்ஸ்.

“குழாய் பக்கத்துலதானேடி இருக்கு, ஏன் குடிக்கல?” என்று அண்ணி அதட்டினாள்.

“குடிச்சா அங்க போகணுமேக்கா.”

அங்கே என்றால் தகரக் கதவுகள். ஒன்றுக்குக்கூட உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. முந்தின வாரம் அவள் உள்ளே இருக்கும்போது எவனோ கதவை இழுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான், கட்டையில போறவன்!

அண்ணி நேரே முகாம் பொறுப்பாளரிடம் போனாள். “ஊரே பத்தி எரியுது, உங்களுக்குத் தாழ்ப்பாள் கேக்குதா?” என்றார் அவர்.

“குண்டுக்குத் தப்பி வந்தவ மூத்திரத்தை அடக்கியே சாகணுமா சார்?”

“மேலிடத்துல கேட்டிருக்கு. பொறுங்க.”

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அண்ணிக்குப் பூமி வேண்டாம், தாழ்ப்பாள்தான் வேண்டும். பட்டப்பகலில், ஊரே பார்க்க, அவருடைய அலுவலகக் கழிப்பறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் முதல் கதவில் மாட்டிவிட்டாள். வேலை போனால் போகட்டும், முகாமை விட்டே துரத்திவிட்டால் எங்கே போவது?

“இப்பக் குடிடி” என்று பிள்ளைத்தாய்ச்சியிடம் டம்ளரை நீட்டினாள். அவள் குடித்தாள். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் பொறுப்பாளர் ஸ்க்ரூடிரைவரும் ஆளுமாக வந்து நின்றார். “யாரு கழட்டினது?”

“நான்தான்.”

“வேலையை விட்டுத் தூக்கிடுவேன்.”

“தூக்குங்க. எதுக்குத் தூக்கினீங்கன்னு யாராவது கேட்டா, தாழ்ப்பாளுக்குன்னு வாய் கூசாம சொல்லுங்க.”

“முதல்ல அதைக் கழட்டுடா” என்று ஆளை ஏவினார்.

கழற்ற வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி வெளியே வந்ததும், அவன் நகர்வதற்குள் அடுத்தவள் நுழைந்து தாழிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“ஊத்துடி, ஊத்து!” என்று அண்ணி என்னை விரட்டினாள். இத்தனை நாள் பயந்து பயந்து நாக்கை மட்டும் நனைத்தவர்கள் மடமடவென்று குடித்துவிட்டு வரிசையில் போய் நின்றார்கள். பிள்ளைத்தாய்ச்சி மறுபடியும் வந்து நின்றாள்.

வெயில் கொளுத்தியது. பொறுப்பாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “இது எப்பம்மா முடியும்?”

“மத்த கதவுக்கும் தாழ்ப்பாள் போடுங்க சார்” என்றாள் அண்ணி. “வரிசை தானா குறையும்.”