இரண்டு காதர்களும் நான் அடித்த நோட்டீஸும்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இருந்த ஒரே கிளார்க் வேலையில் சேர இரண்டு பேர் வந்து நின்றார்கள். இருவர் பெயரும் அப்துல் காதர்.

எங்கள் மானேஜர் பாலக்காட்டுக்காரர். பம்பாய் போய் வந்தபோது புதுவகைப் பரீட்சை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, சொன்னவர் சொல்லாமலே எதை உண்மையென்று எடுத்துக்கொண்டார் என்று கேட்பது. 'மழை வரும், குடை எடுத்துக்கொள்' என்றால், வீட்டில் குடை இருக்கிறது என்பது சொல்லாத அனுமானம். அந்த வேலைக்காகப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர், 'கேட்பவருக்கு நனையப் பிடிக்காது' என்று எழுதியிருந்தார். மானேஜர் சொக்கிப்போய் அவரையே தேர்ந்தெடுத்தார்.

'அப்துல் காதர் தேர்வாகியுள்ளார். திங்கள் காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேரவும்' என்று டைப் அடித்து வாசலில் ஒட்டியது நான். கையெழுத்து மானேஜருடையது. எழுதியவர்களில் இரண்டு காதர் உண்டு என்பது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தோம். நனையப் பிடிக்காது என்று எழுதியவர் தோப்பும்படியிலிருந்து வந்த காதர். பள்ளுருத்தியிலிருந்து வந்த காதர் கடைசிக்கு முந்தின இடம். நோட்டீஸ் தன்னைத்தான் சொல்கிறது என்று அவர் அனுமானித்தது தவறு என மானேஜர் விளக்க ஆரம்பித்தார். கையில் கேள்வித்தாள் வேறு.

பள்ளுருத்திக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“சாரே, நான் நெனச்சதும் தப்பு, நீங்க நெனச்சதும் தப்பு. என் தப்புக்கு சனிக்கிழமை இஞ்சிக்கடை வேலைய விட்டுட்டு வந்தேன். உங்க தப்புக்கு என்ன போச்சு?”

மானேஜர் கேள்வித்தாளைக் கீழே வைத்தார். எனக்குக் காது சுட்டது. அந்தக் கடை முதலாளியிடம் நானே போய்ப் பேச வேண்டும் என்று உத்தரவாயிற்று.

காதர் பின்னால் வர, வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். முதலாளி சாயா குடித்துக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது, காதரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கிளாஸை வைத்தார்.

“வேலைய விட்டானா? எப்போ?”

“சனிக்கிழமை, 'இனி வரமாட்டேன்'னு உங்ககிட்ட சொன்னாராமே.”

“மத்தியானம் சொன்னான். அன்னிக்கு இனி வரமாட்டான்னு நெனச்சேன். இன்னிக்கு லேட்டாயிட்டானேன்னு கோபத்துல இருக்கேன். எங்க அவன்?”

காதர் என்னைத் தாண்டி உள்ளே போய், இஞ்சி புடைக்க முறத்தை எடுத்தார்.

மானேஜரிடம் வந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த பரீட்சையில் முதல் கேள்வியே 'இனி வரமாட்டேன்' என்பதுதான்.

ரிட்டயர் ஆகும்வரை தகப்பனார் பெயரும் வீட்டுப் பெயரும் இல்லாமல் யார் பெயரையும் நான் டைப் அடித்ததில்லை. காதர் அந்த நோட்டீஸைத் தப்பாகப் படிக்கவில்லை. வேலை வேண்டியிருந்த ஒருவர் எப்படிப் படிப்பாரோ அப்படிப் படித்தார். அதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவன் டைப் அடித்த நான்தான்.