எங்கள் வாசலில் ஒரு பச்சை வளையம்

இந்த வருடம் எங்கள் வீட்டில் திருவருகைக் காலம் அரிவாளோடு தொடங்கியது. பயப்படாதீர்கள்... இலை வெட்டத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைச் சேர்த்துத் திருவருகைக் காலம் என்போம். வரப்போகிறவருக்காகக் காத்திருக்கும் காலம். பச்சை இலையில் ஒரு வளையம் செய்து, நான்கு மெழுகுவர்த்திகளை நட்டு, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றி, குடும்பமாக உட்கார்ந்து ஜெபம் சொல்ல வேண்டும். சர்ச்சில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். எங்கள் வீட்டில்? முதல் ஞாயிறு முதல் மெழுகுவர்த்தி. இரண்டாவது ஞாயிறு யார் வீட்டிலோ கல்யாணம். மூன்றாவது ஞாயிறு மெழுகுவர்த்தியையே காணோம் — கரண்ட் போன அன்று நான்தான் எடுத்து எரித்திருப்பேன். நான்காவது ஞாயிறு கேக்.

இந்த வருடம் அந்தக் கதையே கிடையாது என்று என் மனைவி ஆரோக்கியம் அறிவித்துவிட்டாள். தினமும் சாயங்காலம் டிவி, போன் எல்லாம் ஆஃப். ஹாலில் லைட்டை அணைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாட்டு, பைபிள் வாசகம், ஜெபம். கிறிஸ்துமஸ் வரை கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. இந்தக் கடைசி விஷயத்தில் என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

மகள் ரீட்டா மதுரையில் காலேஜ் படிக்கிறாள். ஸ்டடி லீவுக்கு சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தாள். வந்ததும் போனில் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வளையத்தைப் பைன் மரக் கிளையில் செய்வதுதான் முறை என்று சொல்லிவிட்டாள். அருப்புக்கோட்டையில் பைன் மரத்துக்கு நான் எங்கே போவேன்? திருச்சுழி ரோட்டில் எவ்வளவு தூரம் போனாலும் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம்தான். அதை வெட்டி வளைத்தால் முள்முடிதான் வரும். இயேசுவின் பாடுகளை நினைக்கும் தவக்காலத்துக்கு வேண்டுமானால் ஆகும். புளி? பொழுது சாய்ந்தால் இலை மடங்கிவிடும். நம் ஜெபமோ சாயங்காலம். கடைசியில், கொல்லையில் நிற்கும் வேப்ப மரத்தின் மேலேயே அரிவாளை வைத்தேன்.

மூவரும் உட்கார்ந்து கம்பியில் கொழுந்துகளைச் சுற்றினோம். ஊதா ரிப்பன் கட்டினோம். நடுவில் மெழுகுவர்த்தி வைத்தால் இலை கருகிவிடும் என்று ரீட்டாவுக்குப் பயம். வெளிநாட்டில் எல்லோரும் வளையத்தைக் கதவில்தான் மாட்டுகிறார்களாம், வீடியோவில் பார்த்தாளாம். ஆகவே மெழுகுவர்த்திகள் தட்டில்... வளையம் தெருக்கதவில்.

பார்க்க அழகாகவே இருந்தது. போட்டோகூட எடுத்தோம். மூன்று பேரும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தெருக்கதவில் வேப்பிலை தொங்கினால் என்ன அர்த்தம் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கும். சிரிக்காமல் மேலே கேளுங்கள்.

ஞாயிறு ராத்திரி நல்ல மழை. ரிப்பன் எங்கோ போய்விட்டது. கம்பி நெகிழ்ந்து, வளையம் தொய்ந்து, கொத்தாகத் தொங்கியது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டதுதான். நாங்கள் வண்டி எடுப்பது, வந்து இறங்குவது எல்லாம் பக்கவாட்டு கேட் வழியாக. தெருக்கதவை யார் பார்த்தார்கள்?

திங்கட்கிழமையிலிருந்து தெருவில் எனக்கு மரியாதை கூடியது. பால்காரர் பெல் அடிக்காமல் பாக்கெட்டைச் சுவரில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அக்கா — பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம் — என்னைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். என்னைப் பார்த்து இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. அதைவிட ஆச்சரியம், தினமும் காலையில் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு தூக்குவாளி நிறையக் கம்மங்கூழ். பக்கத்தில் ஒரு இளநீர். யார் வைத்தது என்று தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் இதே பக்கத்தில் கம்மங்கூழைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன் அல்லவா? பத்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு... வானத்திலிருந்து எது விழுந்தாலும் வாசகர் போட்டது என்றுதான் நினைப்போம். பெயர் சொல்ல விரும்பாத அந்த வாசகருக்கு மனதுக்குள் நன்றி சொல்லி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தேன். கறி இல்லாத குறை கொஞ்சம் தீர்ந்தது.

ஆரோக்கியத்துக்கு மட்டும் அந்த வாரம் நன்றாகப் போகவில்லை.

முத்துலட்சுமி அக்காவின் மகள் பிரியா, தலைப்பிரசவத்துக்கு வீடு வந்திருந்தாள். மார்கழி பிறப்பதற்கு முன்பே வளைகாப்பு போட வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கடையில் நிற்கும் நேரமெல்லாம் பிரியா வளர்ந்தது எங்கள் வீட்டில்தான். ஆரோக்கியம்தான் தலை வாரினாள், சோறு ஊட்டினாள், கணக்குப் போடாததற்கு இரண்டு வைத்தாள். இப்போது அவளுக்காகப் பச்சைக் கண்ணாடி வளையலும் ஒரு பட்டுச் சேலையும் வாங்கி பீரோவில் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை, தட்டில் வெற்றிலை பாக்கோடு தெருவை அழைத்தார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கத்து வீடு, எங்களுக்கு இந்தப் பக்கத்து வீடு, எதிர்வீடு. எங்கள் வாசலுக்கு வந்ததும் தட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டு தாண்டிப் போனார்கள். ஜன்னலில் நின்று ஆரோக்கியம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவு தட்டினால் உடனே திறப்பதற்காக நின்றவள் அவள்.

அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. நம் பாட்டுச் சத்தம். அவர்கள் விளக்கேற்றும் நேரத்தில் நாம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடினால் யாருக்குத்தான் பிடிக்கும் என்றாள். அன்று சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்தினாள். பாட்டு முணுமுணுப்பாக மாறியது. ரீட்டாவின் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது.

மறுநாள் பிரியாவைப் பெட்டி படுக்கையோடு காரில் ஏற்றி எங்கோ அனுப்பினார்கள். ஆரோக்கியம் ஓடிப் போய் பக்கவாட்டு கேட் அருகில் நின்று கையசைத்தாள். காருக்குள்ளிருந்து யாரோ கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள்.

அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரே சுவரை வைத்து வாழ்ந்துவிட்டு, இப்போது சாமி வேறு என்று ஞாபகம் வந்துவிட்டதா? அன்றைக்கே இந்தப் பத்திக்கு ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு: ‘இடிந்த பாலங்கள்’. அண்டை வீட்டாரின் மனக்கதவுகள் எப்படியெல்லாம் அடைபடுகின்றன என்று வரிக்கு வரி பொங்கியிருந்தேன். நடுநடுவே தொண்டை வறண்டபோது, ஊர்பேர் தெரியாத அந்த வாசகரின் கூழைக் குடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், மாஸ்க் போட்ட ஒரு நர்ஸம்மா பெல் அடித்தார். மூவரும் போனோம். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“யாருக்கும்மா அம்மை போட்டுருக்கு? பக்கத்து வீட்டுல மாசமா இருக்க பொண்ணு இருக்காம். பாத்துட்டு வாங்கன்னு முந்தாநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிருந்தாக.”

அம்மையா? எங்கள் வீட்டிலா? நர்ஸம்மா எங்கள் கதவைக் கைகாட்டினார்.

வெளியே இறங்கி நின்று திரும்பிப் பார்த்தோம். தெருக்கதவில், அம்மை கண்ட வீட்டுக்கு எப்படிச் செருக வேண்டுமோ அப்படியே கொத்தாகத் தொங்கியது வேப்பிலை. தெருவின் கண்ணால் பார்த்தால் மற்ற எல்லாமும் சரியாகத்தான் பொருந்துகிறது. ஹாஸ்டலிலிருந்து திடீரென்று பெண் வந்தாள். மறுநாள் வேப்பிலை. அன்றிலிருந்து வீட்டில் கறி வாசனை இல்லை. பொழுது சாய்ந்தால் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே ஒரே வேண்டுதல். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நம் வீட்டு வாசலை நாம் பார்ப்பதே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள்தான் தினமும் பார்க்கிறார்கள். நம்மைப் பற்றிய முடிவை அதை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

ஆரோக்கியம் செருப்புப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நானும் ரீட்டாவும் பின்னாலேயே போனோம். எங்களைக் கண்டு முத்துலட்சுமி அக்கா வாசலிலேயே கும்பிட்டபடி நின்றுவிட்டார். அம்மை கண்டவர்கள் எழுந்து நடமாடக் கூடாதே என்று அவர் கவலை அவருக்கு. நடந்ததை முழுதும் சொல்லி முடித்து, ரீட்டாவின் கை, கழுத்து எல்லாம் காட்டிய பிறகுதான் நம்பினார்.

“ஆத்தா வந்துருக்க வீட்டுல போயி என்ன ஏதுன்னு கேக்கலாமா? வெத்தலை பாக்கு வைக்கலாமா? வயித்துப் புள்ளக்காரிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், சொல்லு ஆரோக்கியம்.”

“எங்க பாட்டுச் சத்தம் பிடிக்காமத்தான் கூப்பிடலைன்னு நெனைச்சேன்க்கா.”

“பாட்டா? அது காதுல விழுற மட்டும் நல்லாத்தான் இருக்காகன்னு தைரியமா இருந்தேன். செவ்வாக்கிழமை அது நிக்கவும் முத்திப் போச்சுன்னு பதறிட்டேன். அதுக்குத்தான மறுநாளே புள்ளைய பாளையம்பட்டிக்கு என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்புனேன்.”

பிடிக்கவில்லையோ என்று நாங்கள் பாட்டை அடக்க, உயிருக்கே ஆபத்தோ என்று அவர்கள் பயந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். நான் நைசாக வீட்டுக்கு வந்து ‘இடிந்த பாலங்கள்’ கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். தூக்குவாளியும் இளநீரும் அம்மைச் சூடு தணிய அக்கா வைத்தவை என்று அவர் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். என் வாசகருக்கு என் எழுத்தைப் பற்றி எதுவுமே தெரியாது.

வளைகாப்பை அங்கேயே மாற்றியிருந்ததால், வெள்ளிக்கிழமை டவுன் பஸ்ஸில் பாளையம்பட்டிக்குப் போனோம். நாத்தனார் வளையல் போட்டு முடித்ததும் அடுத்த ஆள் எழுந்திருக்க, பிரியா கையை மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். ஆரோக்கியம் அத்தை வந்தால்தான் நீட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். அத்தனை நாள் அழுகையும் அந்தப் பச்சை வளையல்களின் சத்தத்தில் கரைந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சனிக்கிழமை அக்கா வந்து இன்னொரு விஷயத்தைச் சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகாமல் ஆத்தா இறங்கிவிட்டால் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதாக நேர்ந்திருக்கிறாராம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஊற்றப் போகிறார். நேர்ந்தது எங்கள் வீட்டுக்காக என்பதால் நாங்களும் கூட நிற்க வேண்டும்.

எனக்குக் குழப்பம். வராத நோய்க்கு நேர்த்திக்கடனா? அதுவும் திருவருகைக் காலத்தில் நாம் போய் அங்கே நிற்பது சரியா என்று ஆரோக்கியத்திடம் மெதுவாக இழுத்தேன்.

“அந்த அக்கா நமக்காக எத்தனை வேளை கும்பிட்டுருக்காக. நீங்க உங்க மகளுக்காக எத்தனை வேளை முழங்கால் போட்டீக? முதல் நாள் ஜெபத்துலயே தூங்குன ஆளுதான?”

அதற்கு மேல் எனக்கு இறையியல் எதுவும் தெரியவில்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனோம். ஆரோக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டி பிடித்தாள். ரீட்டா வெங்காயம் உரித்தாள். நான் டம்ளர் நீட்டினேன். அம்மை கண்டு எழுந்த குடும்பம் இதுதான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது; உண்மை தெரிந்த பிறகும் மாற்றிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வரிசையில் வந்த ஒரு அம்மா டம்ளரை வாங்காமல் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நெற்றி.

“ஒரு தழும்புகூட இல்லாம எறக்கிட்டாளே ஆத்தா. உங்களுக்காக யாரோ நல்லா வேண்டிருக்காக அண்ணாச்சி.”

ஆமாம் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே... எனக்கு அம்மையே வரவில்லை என்பதைத் தவிர.