கறுப்புத் தாடியோடு லேசருக்குப் போனது

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி. தூறல், குடை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் சளி என்கிற அளவு. தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரின் முன்னறையில், டோக்கன் எண் 9 கையில், மனைவி பக்கத்தில், கன்னங்களைத் துண்டால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் முகத்தில் அப்போது 23 மருக்கள். பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருடம் வாய்க்கால் நீர்மட்டம் குறித்தவன் நான். இவற்றையும் வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்து வந்தேன். தையில் மூன்று. ஆடியில் பதினொன்று. ஐப்பசியில் இருபத்து மூன்று. எல்லாம் தட்டையாக, கடுகளவில், சவர பிளேடு போன தடத்திலேயே வரிசை பிடித்து நட்டதுபோல் இருந்தன.

முகத்துக்காக நான் கவலைப்படவில்லை. எழுபத்தொரு வயதில் யார் பார்க்கப் போகிறார்கள்? மருமகன் அபுதாபியில் இருந்ததால் மகளும் ஐந்து மாதப் பேத்தியும் ஒரத்தநாட்டில் எங்களோடு தங்க வந்திருந்தார்கள். வந்த அன்றே மகள் சொல்லிவிட்டாள்: “மடியில எவ்வளவு நேரம் வேணாலும் வச்சுக்குங்கப்பா. கன்னத்தோட கன்னம் மட்டும் வைக்காதீங்க, ஒட்டிக்கும்.”

நியாயம்தான். ஆனால் அந்தக் கன்னம் என் கன்னத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருந்தது. நாற்பத்தொரு நாட்களாக இருந்தது.

யோசித்தேன். மருவைப் பரப்புவது பிளேடு. முடியே முளைக்காவிட்டால் பிளேடு வேண்டியதில்லை. ஆகவே லேசர். கைப்பேசியில் நான்கு நாள் படித்ததில், லேசர் கறுப்பு முடியை மட்டுமே பிடிக்கும் என்று தெரிந்தது. என்னுடைய பத்து நாள் தாடியில் பத்துக்கு எட்டு வெள்ளை. அதனால் புறப்படுமுன் பழைய பல் பிரஷ்ஷால் தாடி முழுவதும் டை அடித்துக்கொண்டேன்.

“பொண்ணு பாக்கவா போறீங்க?” என்றாள் மனைவி.

மருத்துவர் என் மகள் வயதுப் பெண். விளக்கு வைத்த லென்ஸால் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினார். இருபத்தைந்து.

“இருபத்து மூணுதாங்க” என்றேன்.

பஞ்சில் ஏதோ நனைத்துத் துடைத்தார். பஞ்சு கறுத்தது. இரண்டு மரு காணாமல் போயின.

“ஐயா, இது ரெண்டும் டைங்க. எதுக்கு அடிச்சீங்க?”

காரணத்தைச் சொன்னேன். லென்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“முப்பத்தொரு வருஷம் தண்ணிய அளந்தவரு டாக்டர்” என்றாள் மனைவி. “இன்னிக்கு ரெண்டு கூடவே போட்டுக் கொண்டாந்திருக்காரு.”

“லேசர் தேடறது வேர்ல இருக்கிற கறுப்பைங்க” என்றார் மருத்துவர். “டை வெளியில மட்டும்தான். அது மேல லேசர் பட்டா தோல் வெந்துபோகும், முடி போகாது.”

“கறுப்பா இருக்கிற ரெண்டு பங்குக்காவது?”

“மரு இருக்கிற எடத்துல வேண்டாம்ங்க. அது கிருமியால வர்றது. தோல் புண்ணாச்சுன்னா பக்கத்துல பரவும். மரு கருகற புகையில எங்களுக்கே வந்தாலும் வரும். மொதல்ல மரு போகட்டும். அதுவரைக்கும் பிளேடத் தொடாதீங்க, கத்தரிக்கோலால கத்தரிச்சுக்குங்க. உங்க துண்டு உங்களுக்கு மட்டும்.”

“பேத்தியக் கன்னத்துல வச்சுக்கலாமா?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். நான் வந்த காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“நானே சொல்றேங்க, என்னிக்குன்னு. பொறுத்துக்குங்க.”

இருந்ததில் பெரிய ஆறு மருக்களைத் திரவ நைட்ரஜன் தொட்டு உறைய வைத்தார், மற்றவற்றுக்குக் களிம்பு. அடுத்த வாரங்களில் என் குறிப்பு: 23, 23, 24. அன்று பதறிப்போய் ஃபோன் செய்தேன். “களிம்பு போடறத நிறுத்தாதீங்க” என்றார் மருத்துவர். பிறகு 19. பிறகு 12. பொங்கலுக்கு ஏழு. டை படிந்த நுனியை ஒருமுறை கத்தரித்ததோடு தாடியை விட்டுவிட்டேன். அது ஒன்றரை அங்குலம் வளர்ந்து, அங்கங்கே கறுப்பு தவிர வெள்ளை வெளேரென்று ஆனது. சம்பா அறுப்பு நேரம். பஸ் நிலையத்தில் தெரிந்தவர் ஒருவர், “யாருக்கு வேண்டுதலுங்க?” என்று கேட்டார்.

“பேத்திக்கு” என்றேன்.

மாசியில் மருத்துவர் லென்ஸோடு தேடினார். இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். மூன்றாவது முறையும் பார்த்தார். “ஒண்ணுகூட இல்லீங்க. தாராளமாக் கொஞ்சுங்க. இப்போ அந்தக் கறுப்பு முடிக்கு லேசர் வேணும்னாலும் வைக்கலாம். சின்ன எடத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் மத்தது.”

வீட்டில் மகள் தன் பங்குக்கு ஒருமுறை என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையை என் தோளுக்குத் தூக்கிக் கொடுத்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்தேன். பாலும் பவுடரும் வியர்வையுமாக ஒரு சூடு. மூன்று விநாடிதான். அதற்குள் அவள் இரண்டு கைகளாலும் தாடியைப் பற்றி இழுத்துக் கீச்சென்று சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது; வலியாலும்தான். மனைவி விரல் விரலாகப் பிரித்துவிட்டாள். பிரித்த கை மறுபடி வந்து பிடித்தது.

லேசருக்கு நாள் குறிக்கவில்லை. நான்கு முறை மருத்துவர் கட்டணம், உறைய வைத்தது, களிம்பு மூன்று, எனக்கு மட்டும் பஸ் டிக்கெட் (மனைவிக்கு டவுன் பஸ் இலவசம்), ஆக மொத்தம் ஐயாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.