தட்டையான மணலில் ஒரு வரப்பு

பட்டம் விடுவதற்கெல்லாம் ஒரு சங்கமா, அதுவும் உலக அளவில், என்று எங்கள் பாபநாசத்துப் பக்கம் கேட்காத ஆள் கிடையாது. இருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் சங்கங்கள் மாதிரி மாலை, மேடை எல்லாம் கிடையாது. நாட்டுக்கு ஒரு குழு. அந்தக் குழுக்கள் அனுப்பும் ஆட்கள் கூடி விதிகளை எழுதுவார்கள். போட்டியன்று நடுவர்கள், மைதானப் பொறுப்பாளர், எல்லையில் கொடியோடு நிற்பவர்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. காலையில் பட்டம் விட்டவரே மதியம் கொடி பிடிப்பார்.

என் கணவர் சிங்கப்பூர் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் இரண்டு பட்டங்கள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நூல். இரண்டு கையாலும் பிடித்து ஓட்ட வேண்டும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றுபோல ஆட்டினால் அது ஜோடிப் பிரிவு. ஜோடியில் ஒருவர் கட்டளை சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். குரல் எனக்குத்தான் இருந்தது. "ஏறு, திரும்பு, இழு" என்று நான் கத்துவேன். "புருஷன வேலை வாங்குறதப் பாரு" என்று எதிர் வீட்டு அத்தை மோவாயில் கை வைப்பாள். வீட்டுக்குள் போனதும் மறுபடி "சாப்பிட வாங்க"தான்.

அறுவடை முடிந்த அப்பாவின் வயலில்தான் பயிற்சி. காற்று குறைந்தால் பின்னால் நடக்க வேண்டும். கண் வானத்தில் இருக்கும், வரப்பு தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாக மல்லாக்க விழுந்த பிறகு "வரப்பு!" என்றும் ஒரு கட்டளை சேர்ந்தது. சொன்னதும் குதிகாலைத் தூக்கிவிடுவோம். அப்போது நூல் வெட்டி இழுத்து, பட்டங்கள் இரண்டும் ஒரு கணம் அப்படியே நிற்கும்.

முதல் வெளிநாட்டுப் போட்டி ஒரு கடற்கரையில் நடந்தது. பாய் விரித்த மாதிரி மணல். பழக்க தோஷம், நான் "வரப்பு" என்று சொல்லிவிட்டேன். இல்லாத வரப்பில் இருவரும் ஏறினோம். பட்டங்கள் நின்ற நிற்பை நடுவர்கள் மெச்சினார்கள். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அப்புறம் இருந்ததே இல்லை.

அவர் சிங்கப்பூரிலேயே குடியுரிமை வாங்கினார். "நீயும் வந்துடும்மா" என்றார். அம்மா இல்லை, அப்பா படுக்கையில் கிடந்தார், நான் எங்கே போவது? அடுத்த விடுமுறையில் அவர் கேட்கவில்லை. அதற்கடுத்த விடுமுறைக்கு வரவே இல்லை. சங்க விதிப்படி ஜோடியில் ஒருவர் விலகுவதாகச் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். கல்யாணத்தைப் பிரிக்க கும்பகோணம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தேன். ஜோடியைப் பிரிக்க அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. பட்டம், பரிசு எல்லாம் அவரே வைத்துக்கொள்ளட்டும், வரப்பு என்னுடையது என்று சொல்லிக்கொண்டேன். வேறு எதைச் சொல்லி மனதை ஆற்றுவது?

சங்கத்தை விடவும் மனம் வரவில்லை. ஜோடி இல்லாதவளுக்கு எல்லைக் கொடியைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடியோடு போன ஒரு போட்டிக்கு அவரும் வந்திருந்தார். வேறு நாட்டுச் சட்டை, புது ஜோடியாக ஒரு பெண். விளையாடுகிறவர்களில் உங்களுக்கு உறவினர் உண்டா என்று கொடி பிடிக்கும் எங்களைத் தலைமை நடுவர் வழக்கம்போலக் கேட்டார். உண்டென்றால் எல்லையில் நிற்கக் கூடாது.

"இல்லை" என்றேன். கோர்ட்டில் எல்லாம் முடிந்திருந்தது, அதனால் பொய் இல்லை. கொடியை எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போனேன்.

அவர்கள் முறை வந்தது. பாதியில் காற்று விழுந்தது. இருவரும் வானத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்து என் பக்கம் வந்தார்கள். இப்போது கட்டளை சொல்வது அவர். எல்லாம் ஆங்கிலத்தில். எனக்குக் கொஞ்ச தூரத்தில் வந்ததும் "வரப்பு" என்றார்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நெல் வயலைப் பார்த்திருப்பாளா என்பதே சந்தேகம். குதிகாலைத் தூக்கி, தடுக்காமல், என் அப்பாவின் வரப்பில் ஏறினாள்.